ராத்திரியில் தப்பாகப் படித்த கன்ட்ரோலர்

எங்கள் ஷிஃப்ட் பதிவேட்டில் "வெப்பமாற்றி மேனுவலில்" என்ற வரி, அதாவது கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு ஆபரேட்டரே கையால் வால்வை ஓட்டுகிறார் என்ற குறிப்பு, கடைசியாக எழுதப்பட்டு நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் வாரத்துக்குப் பத்துத் தடவையாவது அந்த வரி இருக்கும். சில ஆபரேட்டர்கள் அதை எழுதுவதைக்கூட விட்டிருந்தார்கள். போன வாரம் வெப்பமாற்றியின் குழாய்களைக் கழுவி மறுபடி ஓட்டினோம். லூப், அதாவது வெப்பநிலையை அளந்து வால்வைத் திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று, ஒரு முனகலும் இல்லாமல் நிலையாக நின்றது. இனி எழுதலாம் என்று தைரியம் வந்தது.

முதலில் சாமான்கள். ஷெல்லுக்குள் நீராவி, குழாய்களுக்குள் தண்ணீர் போன்ற ஒரு திரவம். 30 டிகிரியில் வந்து 85 டிகிரியில் வெளியேற வேண்டும். நீராவி வால்வின் திறப்பை மாற்றி அதைப் பிடித்து வைப்பது கன்ட்ரோலரின் வேலை. 92இல் அலாரம், 95இல் ட்ரிப், அதாவது தானாக நின்றுவிடும். நீராவி கேஜில் 5 பார். வெளியேறும் குழாய் 80 மில்லிமீட்டர், அதில் வெப்பமாற்றியிலிருந்து 9 மீட்டர் தள்ளி ஒரு பிடி-100 வெப்பநிலை உணரி. டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0 முதல் 100 டிகிரி, எனவே 1 டிகிரியும் 1 சதவீதமும் ஒன்றுதான். இது தற்செயலாக அமைந்த வசதி. உங்கள் வீச்சு வேறாக இருந்தால் கீழே வரும் எண்களை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

சிக்கல் இதுதான். உற்பத்தியைப் பொறுத்து ஓட்டம் மணிக்கு 12 கன மீட்டரிலிருந்து 36 வரை மாறும். 36இல் ஓடும்போது பழைய ட்யூனிங், அதாவது கெயின் 2.0, இன்டக்ரல் 90 நொடி, ஏதோ சமாளித்தது. (கெயின் என்பது வெப்பநிலை விலகினால் கன்ட்ரோலர் வால்வை எவ்வளவு பலமாக அசைக்கிறது என்பது. இன்டக்ரல் என்பது மிச்ச விலகலை எவ்வளவு நேரத்தில் திருத்துகிறது என்பது; நொடி குறைந்தால் அவசரம் கூடும்.) ஓட்டம் 12க்கு இறங்கியதும் வெப்பநிலை ஊஞ்சலாட ஆரம்பிக்கும். ஒவ்வொரு அலையும் முந்தியதைவிடப் பெரிது. நாலாவது அலைக்குள் ஆபரேட்டர் மேனுவலுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பில் தானே கற்றுக்கொள்ளும் ட்யூனிங் பிளாக் ஒன்று பல வருடமாகச் சும்மா கிடந்தது. 5 நொடிக்கு ஒரு முறை வால்வின் திறப்பையும் வெப்பநிலையையும் பார்த்து, இந்த லூப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு சின்ன மாடலை மதிப்பிட்டு, அதற்கேற்பக் கெயினை மாற்றும். ஓட்டம் மாறினால் அதுவே புரிந்துகொண்டு மாறும், நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை ஆன் செய்தேன்.

மதியத்துக்குள் முன்பைவிட மோசம். 36இலேயே வெப்பநிலை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. பிளாக் மதிப்பிட்ட பிராசஸ் கெயின், அதாவது வால்வு 1 சதவீதம் நகர்ந்தால் வெப்பநிலை எத்தனை டிகிரி மாறும் என்ற எண், ஒரு நேரம் 0.3, இன்னொரு நேரம் 1.6. ஒரே ஓட்டம், ஒரே நீராவி. அதற்குள் ஐந்து மடங்கு வித்தியாசம் வர வழியே இல்லை. ஆஃப் செய்தேன்.

ட்ரெண்ட் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. வால்வுக்குப் போகும் சிக்னல் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை அசையவில்லை. பிறகு திடீரென்று ஒரு தாவல். அலைந்தது ட்யூனிங் இல்லை, ஒட்டிக்கொண்டிருந்த வால்வு.

மேனுவலில் 45 சதவீதத்தில் நிறுத்தி, வால்வின் தண்டில் டயல் கேஜை வைத்து, அரை அரை சதவீதமாக ஏற்றினோம். 45.5, 46, 46.5. டயாபிரத்துக்குப் போகும் காற்றழுத்தம் ஏறுகிறது, டயல் முள் நகரவில்லை. 48இல் ஒரு துள்ளல். 40 மில்லிமீட்டர் ஓடும் தண்டு ஒரே தாவலில் 1.2 மில்லிமீட்டர் போனது. மூன்று சதவீத ஒட்டல். எப்போதோ நீராவிக் கசிவை நிறுத்த தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கை அழுத்தும் கிளாண்ட் நட்டை யாரோ இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே இருந்த கிராஃபைட் வளையங்கள் கல்லாகியிருந்தன.

5 பார் நீராவி சுமார் 159 டிகிரிதான், டெஃப்லான் பேக்கிங் தாராளமாகத் தாங்கும். அதற்கு மாற்றினோம். லைனைத் தனிமைப்படுத்தி, ஆறவிட்டு, பிரித்து மாட்ட இரண்டு பேருக்கு ஆறு மணி நேரம். வால்வைச் சொன்ன இடத்தில் நிறுத்தும் பொசிஷனரின் ஃபீட்பேக் கையில் இருந்த ஆட்டத்தையும் எடுத்தோம். மறுபடி அளந்தால் ஒட்டல் 0.4 சதவீதம்.

பிளாக் ஏன் குழம்பியது என்பதற்கு விளக்கம் பெரிதாக வேண்டாம். வால்வு ஒட்டியிருந்தபோது சிக்னல் ஏறியும் வெப்பநிலை மாறவில்லை. சரி, இந்த லூப் மந்தம் என்று முடிவு கட்டி அது தன் கெயினைக் கூட்டியது. அடுத்த நிமிடம் வால்வு தாவியதும், ஐயோ இது துடுக்கான லூப் என்று குறைத்தது. பொய் சொல்லும் சாட்சியை வைத்து எந்த நீதிபதியும் நல்ல தீர்ப்புச் சொல்ல முடியாது.

வால்வு சரியான பிறகு மறுபடி பிளாக்கை ஆன் செய்தேன். இந்த முறை அழகாக நடந்தது. இரண்டு நாள் ட்ரெண்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். மறதிக் காரணி என்று ஒரு அமைப்பு இருந்தது, தயாரிப்பாளர் வைத்த 0.98இலேயே விட்டிருந்தேன். 0.98 என்றால் சுமார் 50 மாதிரிகளின், அதாவது கடைசி அளவீடுகளின், ஞாபகம். 5 நொடி வீதம் பார்த்தால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வேகமாகக் கற்றுக்கொள்ளட்டுமே, நல்லதுதானே?

மூன்றாம் நாள் விடியற்காலை 3:40க்கு ட்ரிப். காலையில் ஆபரேட்டர் சொன்னது: "சார், ராத்திரி பூரா சும்மா இருந்துச்சு. திடீர்னு அதுக்கு என்னமோ ஆயிடுச்சு."

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. ராத்திரி பூரா சும்மா இருந்ததுதான் காரணம். ஒன்பது மணி நேரம் ஓட்டம் 24இல், வெப்பநிலை 85இல், வால்வு 48இல். எதுவும் அசையவில்லை. இந்த மாதிரி மதிப்பீட்டு முறை, தன் கணிப்பின் மேல் தனக்குள்ள சந்தேகத்தையும் ஒரு எண்ணாக வைத்திருக்கும். புதிய தகவல் வந்தால் சந்தேகம் குறையும். தகவல் வராவிட்டால், ஒவ்வொரு மாதிரியிலும் மறதிக் காரணியால் வகுபட்டுச் சந்தேகம் ஏறும். மணிக்கு 720 மாதிரிகள். 0.98ஆல் 720 தடவை வகுத்துப் பாருங்கள்: 20 லட்சம் மடங்கு. ஒரே மணி நேரத்தில். அளவீட்டின் சின்னச் சின்ன இரைச்சல் கொஞ்சம் தகவல் தந்து இதைத் தணிக்கும், ஆனால் ஒன்பது மணி நேரத்துக்கு அது போதாது.

அப்படித் தன் மேல் துளி நம்பிக்கையும் இல்லாத நிலையில் அது உட்கார்ந்திருந்தபோது, வேறொரு பிரிவில் நீராவியைத் திறந்தார்கள். அழுத்தம் 5இலிருந்து 4.2க்கு இறங்கியது. வால்வைத் தொடாமலே வெப்பநிலை சரிந்தது. பிளாக்குக்கு நீராவி அழுத்தம் தெரியாது. தான் பழகிய மாடலே தப்பு என்று முடிவு செய்து, பிராசஸ் கெயினை 1.15இலிருந்து 0.2க்குக் கொண்டுபோனது. கன்ட்ரோலர் கெயின் நான் விட்டுவைத்திருந்த மேல் எல்லையான 10க்கு ஏறியது. வால்வு முழுக்கத் திறந்தது, அழுத்தமும் திரும்பியது, வெப்பநிலை 95ஐத் தொட்டது. 40 நிமிட உற்பத்தியைத் திருப்பிச் சுற்றவிட வேண்டியதாயிற்று. காலைக் கூட்டத்தில் கிடைத்த பேச்சு தனிக் கணக்கு.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் 1973இல் தானே ட்யூன் செய்துகொள்ளும் ரெகுலேட்டரைப் பற்றி எழுதிய பிறகு, இந்த வழியில் போனவர்கள் பலர் இதே குழியில் விழுந்து, அதற்கு மதிப்பீட்டு வைண்டப் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பிளாக்கின் கையேட்டில்கூட ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காதவன் நான்.

பிளாக்கை நிறுத்தினேன். அடுத்து எடுத்தது ரிலே சோதனை. அதே ஆஸ்ட்ரோம், 1984இல் ஹாக்லுண்டுடன் சேர்ந்து சொன்ன முறை. கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு, வெப்பநிலை செட் பாயிண்டுக்கு, அதாவது நாம் கேட்ட அளவுக்கு, மேலே போனால் வால்வை ஒரு அளவு குறைப்பது, கீழே வந்தால் அதே அளவு கூட்டுவது. லூப் தானாக ஒரு சீரான அலையில் விழும். அலையின் உயரத்தையும் நேரத்தையும் அளந்தால் லூப்பின் எல்லைக் கெயின், அதாவது அதைத் தாண்டினால் அலை பெருகிக்கொண்டே போகும் கெயின், கிடைத்துவிடும். ரிலேயின் உயரத்தை 4ஆல் பெருக்கி, வெப்பநிலை அலையின் பாதி உயரத்தை 3.14ஆல் பெருக்கிய எண்ணால் வகுத்தால் முடிந்தது.

உற்பத்திப் பிரிவிடம் கெஞ்சி, மூன்று ஓட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் வாங்கினேன். முதல் தடவை ரிலே தந்திக் கருவி மாதிரி படபடவென்று அடித்தது. பிடி-100 சிக்னலில் 0.1 டிகிரி இரைச்சல் இருந்தது. செட் பாயிண்டை 0.2 டிகிரி தாண்டினால்தான் ரிலே மாறும்படி ஹிஸ்டரிசிஸ் வைத்ததும் அடங்கியது. இரண்டாம் தடவை அலையின் மேல்பாதி குட்டை, கீழ்ப்பாதி நீளம். நடுநிலையை 46 சதவீதத்தில் வைத்திருந்தேன், உண்மையில் அந்த ஓட்டத்துக்கு 48 வேண்டும். இரண்டு பாதியும் சமமாகும்வரை நகர்த்திவிட்டு அளந்தேன். முதல் இரண்டு அலைகளைத் தள்ளிவிட்டு அடுத்த நாலின் சராசரி.

36இல், வால்வு 5 சதவீதம் கூடிக் குறைய, வெப்பநிலை 0.95 டிகிரி கூடிக் குறைந்தது. அலைக்கு 63 நொடி. எல்லைக் கெயின் 6.7. 24இல் அதே 5 சதவீதத்துக்கு 1.5 டிகிரி, 76 நொடி, கெயின் 4.2. 12இல் பயந்துகொண்டு 3 சதவீதம்தான் கொடுத்தேன். அதற்கே 2.1 டிகிரி, 106 நொடி, கெயின் 1.8.

அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வருடக்கணக்காக ஓடிய கெயின் 2.0. 12 கன மீட்டரில் லூப் தாங்கும் எல்லையே 1.8. ஆபரேட்டர்கள் பொறுமை இல்லாமல் மேனுவலுக்குப் போகவில்லை, ஓடவே முடியாத லூப்பை ஓட்டச் சொல்லியிருந்தோம்.

காரணமும் கண்ணெதிரே இருந்தது. ஓட்டம் மூன்றில் ஒன்றானால் அதே நீராவி மூன்று மடங்கு சூடாக்கும். 80 மில்லிமீட்டர் குழாயில் 36 கன மீட்டர் என்றால் திரவத்தின் வேகம் நொடிக்கு 2 மீட்டர், 9 மீட்டரைக் கடக்க நாலரை நொடி. 12இல் அதே தூரத்துக்குப் பதிமூன்றரை நொடி. கெயினும் கூடி, தாமதமும் கூடினால் எந்த ஒரே ட்யூனிங் தாங்கும்?

ட்யூனிங் எண்களுக்கு முதலில் போனது 1942இல் வந்த ஸீக்லர்–நிக்கல்ஸ் விதிக்கு. கெயினும் இன்டக்ரலும் மட்டும் உள்ள பி.ஐ. கன்ட்ரோலருக்கு எல்லைக் கெயினில் 0.45 பங்கு, இன்டக்ரல் நேரம் அலை நேரத்தை 1.2ஆல் வகுத்தது. 36க்கு 3.0, 53 நொடி. செட் பாயிண்டை 2 டிகிரி மாற்றியதும் நாலு அலை அடித்துத்தான் அடங்கியது. வெப்பமாற்றிக்கு இவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம் என்று டைரியஸ்–லைபென் விதிக்கு மாறினேன். எல்லைக் கெயினை 3.2ஆல் வகுத்தது, அலை நேரத்தின் 2.2 மடங்கு. 36க்கு 2.1, 139 நொடி. போட்டுப் பார்த்தால் அதே நாலு அலை!

மந்தமாக இருக்க வேண்டிய விதி முரட்டு விதி மாதிரியே நடந்தால் எங்கோ கோளாறு. அரை நாள் போனது. கடைசியில் தெரிந்தது: கன்ட்ரோலர் கேட்டது நிமிடத்துக்கு எத்தனை ரிபீட் என்று, அதாவது 1ஐ இன்டக்ரல் நிமிடத்தால் வகுத்த எண்ணை. நான் கொடுத்தது 139 நொடிக்கு 2.3 நிமிடம் என்ற கணக்கில் 2.3. அது 2.3 ரிபீட் என்று எடுத்துக்கொண்டு 26 நொடி இன்டக்ரலில் ஓடியிருக்கிறது. சரியான எண் 0.43. இந்தத் துறைக்கு வந்த முதல் வருடத்தில் செய்ய வேண்டிய தப்பு. பதினான்காம் வருடத்தில் செய்தேன்.

0.43 போட்டதும் ஒரு சின்ன மேடு, பிறகு சமம்.

அப்புறம் அட்டவணை. 12க்குக் கெயின் 0.57, இன்டக்ரல் 233 நொடி. 24க்கு 1.3, 167 நொடி. 36க்கு 2.1, 139 நொடி. இடைப்பட்ட ஓட்டங்களுக்கு நேர்கோட்டில் இடைமதிப்பு. ஓட்டமானியின் சிக்னலை 20 நொடி ஃபில்டர் செய்துதான் அட்டவணைக்குக் கொடுத்தேன், இல்லாவிட்டால் கெயின் நடுங்கும். ஓட்டமானி கெட்டுப்போனால் 12இன் வரிசைக்குப் போக வேண்டும். மந்தமாக இருந்தாலும் பரவாயில்லை, கவிழக் கூடாது. முதல் நாள் ஒரு சறுக்கல்: கெயின் மாறும் ஒவ்வொரு தடவையும் வால்வு ஒரு குதி குதித்தது. கன்ட்ரோலரை, மொத்த வெளியீட்டைக் கணக்கிடுவதற்குப் பதில் மாற்றத்தை மட்டும் கணக்கிடும் வடிவத்துக்கு மாற்றியதும் நின்றது.

இந்த மூன்று வரி அட்டவணையிலேயே சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. தானே கற்கும் பிளாக் இனி எதற்கு என்று சக ஊழியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டத்தால் வரும் மாற்றம் அட்டவணைக்குத் தெரியும், குழாயில் படிமம் ஏறுவது தெரியாது. அதற்கு மட்டும் பிளாக்கைத் திரும்பக் கொண்டுவந்தேன், ஆனால் கையைக் கட்டி. அட்டவணை தரும் கெயினை 0.7 முதல் 1.4 மடங்கு வரைதான் மாற்றலாம். மறதிக் காரணி 0.998, அதாவது 500 மாதிரி, 42 நிமிடம். கடந்த 5 நிமிடத்தில் வால்வு 2 சதவீதமாவது நகர்ந்திருந்தால்தான் கற்கலாம். மேனுவலில் இருந்தால் கற்கக் கூடாது, வால்வு 5க்குக் கீழோ 95க்கு மேலோ இருந்தால் கூடாது, நீராவி 4.6 பாருக்குக் கீழே போனால் கூடாது. சந்தேக எண்ணுக்கும் ஒரு உச்சவரம்பு. ராத்திரி சும்மா இருந்தால் தூங்கு என்பதுதான் மொத்தத்தின் சாரம். கற்கும் நேரம் பச்சையாக எரியும் ஒரு விளக்கை ஆபரேட்டர் திரையில் வைத்தேன். அவர்களுடைய நம்பிக்கை திரும்பியதற்கு அந்த விளக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான்கு மாதத்தில் அந்த மடங்கு 1.0இலிருந்து மெதுவாக 1.22க்கு ஏறியது. படிமம் ஏற ஏற, அதே சூட்டைத் தள்ள ஷெல்லுக்குள் அழுத்தம் கூட வேண்டியிருக்கிறது. வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் குறைகிறது, ஒரு சதவீதத் திறப்புக்குக் கிடைக்கும் நீராவியும் குறைகிறது. கழுவிய பிறகு 1.04. எப்போது கழுவுவது என்று இனி இந்த எண்ணைப் பார்த்தே கேட்கப்போகிறேன். எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

ஃபீட்ஃபார்வர்டு பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அது கடைசியில்தான் தோன்றியது. 36க்கு வால்வு 72 சதவீதம், 24க்கு 48, 12க்கு 24. ஒரு கன மீட்டருக்கு 2 சதவீதம், நேர்கோடு. ஓட்டம் மாறும்போதே வால்வையும் அந்தக் கணக்கில் நகர்த்த நிரலில் ஒரு வரி போதும். ஓட்டத்தை ஏற்றும்போது வந்த சரிவு 4 டிகிரியிலிருந்து 1.5க்கு இறங்கியது. மூன்று மாத வேலையில் மிகக் குறைந்த உழைப்பும் மிக அதிகப் பலனும் இந்த வரிக்குத்தான்.

மொத்தச் செலவு: என் நேரம் 64 மணி, உற்பத்தியிடம் கடன் வாங்கியது 5 மணி, ஒரு ட்ரிப், ஒரு செட் பேக்கிங். புதிதாகக் கருவி எதுவும் வாங்கவில்லை. மறுபடி செய்வதென்றால் முதல் நாள் டயல் கேஜ், இரண்டாம் நாள் ஃபீட்ஃபார்வர்டு, மூன்றாம் நாள் ரிலே. பிளாக்கைத் தொடுவது அதற்குப் பிறகுதான். பிடி-100ஐ 9 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12இல் தாமதம் பதிமூன்றரை நொடியிலிருந்து 3 நொடியாகும். உணரியைச் செருகும் ஒரு தெர்மோவெல்லை வெல்டு செய்யும் வேலை, யாருக்கும் தோன்றவில்லை. வால்வின் ட்ரிம்மும், அதாவது திறப்புக்கேற்ப ஓட்டத்தை நிர்ணயிக்கும் உள்பாகமும், நேர்கோட்டு வகை. ஈக்வல் பர்சன்டேஜ் வகையாக இருந்திருந்தால், ஓட்டம் குறையும்போது வால்வின் கெயினும் கூடவே குறைந்து, அட்டவணையின் பாதி வேலையை அந்த இரும்பே செய்திருக்கும். வால்வை வாங்கும்போது இதை யாராவது கேட்டிருக்கலாம்.

ஒன்று மட்டும் பாக்கி. 14 கன மீட்டருக்குக் கீழே 106 நொடி அலை போய்விட்டது, அதற்குப் பதில் 6 நிமிடத்துக்கு ஒரு தடவை 1.2 டிகிரி அளவில் ஒரு சோம்பேறி அலை தெரிகிறது. முன்பு பெரிய அலையின் அடியில் ஒளிந்திருந்திருக்கும். மேனுவலில் வைத்தாலும் போகவில்லை, எனவே கன்ட்ரோலர் காரணம் இல்லை. கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து வரும் தண்ணீர்) வெளியேறும் குழாயில் வெப்பமானியை ஒட்டிப் பார்த்தால் அதே 6 நிமிடத்தில் ஆறுகிறது, சூடாகிறது. குறைந்த சுமையில் ஷெல்லின் அழுத்தம் திரும்பும் லைனின் அழுத்தத்துக்குக் கீழே போய், கண்டென்சேட் வெளியேற முடியாமல் தேங்கிக் குழாய்களை மூடுகிறது. அழுத்தம் ஏறியதும் மொத்தமாகப் போகிறது. கண்டென்சேட்டைத் தள்ளி வெளியேற்றும் பம்ப் வைத்த ட்ராப் கேட்டிருக்கிறேன், அடுத்த ஷட்டவுனில் மாட்டுவார்கள். அதுவரை 14க்குக் கீழே பச்சை விளக்கு எரியாதபடி செய்து வைத்திருக்கிறேன்.